கைமாற்று

குன்னூர் ரேஞ்சர்ஸ் என்னை முதன்முதலாகக்
கோத்தகிரிக்குக் கொடுத்தபோது
எனக்குப் பதினேழு.
"வித்துடலப்பா, கைமாத்துதான்.
மார்கழியில திரும்பி வந்துடுவ"
என்றார் செக்ரட்டரி காரி கவுடர்.

கைமாற்றுக்கு வட்டி இல்லை, பத்திரம் இல்லை.
எங்கள் டேன்டீ லைனில்
அரிசி, மண்ணெண்ணெய்,
ஒருமுறை மாமாவின் கல்யாணச் சட்டை,
எல்லாம் அப்படித்தான் போய்வரும்.
ஆளே போனது நான்தான் முதல்.
ஆனாலும் ஒரு தாளில்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கோத்தகிரியில் ஒன்பது ஆட்டம்.
ஏழில் பெஞ்சு.
அதில் ஆணி எங்கே துருத்தும் என்று
என் தொடைக்கு இன்னும் தெரியும்.
எட்டாவதில், கடைசிப் பத்து நிமிடம்,
இறக்கிவிட்டார்கள்.
கூடவே மிஸ்டும் இறங்கியது.
போஸ்ட் அங்கேதான் இருக்கும் என்று நம்பி
அடித்தேன்.
சத்தமே இல்லை.
ரெஃப்ரி தேடிக்கொண்டு உள்ளே போனார்.
பந்தை இடுக்கிக்கொண்டு வெள்ளையிலிருந்து வெளியே வந்த
எதிரணிக் கோலி சொன்னான்:
"உள்ளதான் சார் போச்சு."
அவன் பெயர் ஆன்சலம்.
என் முதல் கோலைப் பார்த்தவன்
அதை வாங்கியவன் ஒருவன்தான்.
அவனுக்கு ஒரு டீ பாக்கி.

மறுவருடம் தேவாலா.
அங்கே மழைதான் ஆடும்,
நாங்கள் குறுக்கே ஓடுவோம்.
ஊறிய பந்து பலாப்பழம்;
தலையால் முட்டினால் ராத்திரிவரை காதில் வண்டு.
அடுப்புக்கு மேல் காய்ந்த ஜெர்ஸியில்
புகை மணக்கும்.
முதுகில், ஒன்பதுக்கு மேலே,
எனக்கு முன்னால் போட்டவன் பெயரைப் பிய்த்த தடம்.
பசை மட்டும் போகவில்லை.
"சுலைமான்! சுலைமான்!" என்றது ஜனம்.
ஆறு கோல் போட்டேன்.
நாலு அவன் கணக்கில் போயிற்று.

பிறகு அரையிறுதி, அருவங்காட்டில்.
குன்னூருக்கும் தேவாலாவுக்கும்.
கடனாய்ப் போனவன்
கொடுத்தவனுக்கு எதிராக ஆடக் கூடாதாம்.
தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததாம்.
நான் முன்பக்கம் மட்டும் படித்தவன்.

எங்கே உட்கார?
தேவாலா பெஞ்சில் இருந்தால் கவுடர் பார்ப்பார்.
குன்னூர்ப் பக்கம் நின்றால்
என்னோடு நனைந்தவர்கள் பார்ப்பார்கள்.
மேல்மூலையில், கம்பிவேலி ஓரம்,
பந்து பொறுக்கும் பையன்களோடு நின்றேன்.

குன்னூர் ஒரு கோல்.
கை தானாக எழுந்தது.
பாதியில் மடக்கித் தலையைச் சொறிந்தேன்.
தேவாலா ஒரு கோல்.
அதே கை, அதே தலை.
"பேனாண்ணா?" என்றான் பக்கத்துப் பொடியன்.

எண்பத்தியேழாவது நிமிடம்
எவனோ தூக்கியடித்த பந்து
வேலி தாண்டித் தேயிலைக்குள் விழுந்து
வரிசை வரிசையாக இறங்கியது.
மலையில் பந்து காணாமல் போகாது,
இறங்கிக்கொண்டே இருக்கும்.
இருந்தது அந்த ஒரு பந்துதான்.
பையன்கள் அசையவில்லை.
"காட்டெருமை நிக்குதுண்ணா."

நின்றது.
முழங்கால் வரை வெள்ளை,
நல்ல ஸ்டாக்கிங்ஸ் போட்ட டிஃபெண்டர் மாதிரி.
அதன் காலடியில் பந்து.
நான் ஒரு அடி வைத்தேன்.
அது ஒரு காதை ஆட்டியது.
இன்னொரு அடி.
என்னைப் பார்த்தது,
எந்த அணி என்று கேட்கவில்லை.
குனிந்து எடுத்தேன்.

நிமிர்ந்தால் மேலே
வேலி நெடுக இரண்டு அணியும்.
காரி கவுடர் குடையை ஆட்டுகிறார்.
தேவாலா கோச் விசிலடிக்கிறார்.
"சீலா! இங்க! டேய் தவசீலா, இங்க!"
என் பெயரை எல்லோரும்
சரியாகச் சொன்னார்கள்.

யாருடைய த்ரோ என்று எனக்குத் தெரியாது.
பந்தை ஒரு பாத்தியில் வைத்து,
இலையைத் தட்டிவிட்டு,
இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.
ரெஃப்ரி கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார்.
முதுகுக்குப் பின்னால்
எருமை மூச்சு விட்டது.